பாபுவுக்கு ஒரு சந்தேகம்

அப்பார்ட்மென்ட் செகரட்டரி சார் உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டார். சாயங்கால நேரம். குக்கர் அடுத்த விசிலுக்கு முனகிக்கொண்டிருந்தது. எதிர் ஃபிளாட்டில் கருவாடு வறுக்கிற வாசனை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா," என்றார்.

இப்படி ஆரம்பித்த எந்தப் பேச்சும் என் அனுபவத்தில் நல்லபடியாக முடிந்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன்.

"உங்க நித்யா தினமும் மாடியில யார்கூடவோ ஃபோன்ல பேசுறா. காதுல இயர்போன் மாட்டிக்கிட்டு மணிக்கணக்கா பேசுறா. சிரிக்கிறா, கோவிச்சுக்கிறா, செல்லமா திட்டுறா. நேத்து என் ஒய்ஃப் துணி எடுக்கப் போனப்ப காதால கேட்டிருக்கா. பாபுன்னு ஒரு பையன். 'பாபு, பைபாஸ்ல வா, வேலப்பன்சாவடிக்குச் சீக்கிரம் வந்துடலாம்'னு சொல்லிக்கிட்டிருந்தாளாம்."

நித்யா என் மகள். ஒரே மகள். அப்போது ப்ளஸ் டூ. அரையாண்டுப் பரீட்சையில் கெமிஸ்ட்ரியில் கோட்டை விட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த சமயம். நான் வேலை பார்ப்பது வேலப்பன்சாவடியில், ஒரு கல்லூரியின் அட்மிஷன் கவுன்டரில். என் ஆபீஸ் வாசலுக்கேவா அந்தப் பையனை வரச் சொல்கிறாள் என்று ஒரு நிமிஷம் நானும் சந்தேகப்பட்டேன். மறைப்பானேன்.

திரும்பிப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் மேல் நித்யாவின் ஃபோன் சார்ஜில் கிடந்தது. அவளோ மாடியில் இருந்தாள்.

"சார், அவ ஃபோன் இங்கதான் இருக்கு. பாருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். கொஞ்சங்கூடக் கூச்சப்படாமல், "அப்ப இன்னொரு ஃபோன் வெச்சிருப்பா மேடம்," என்றார்.

ஒரு பெண் தப்பு செய்யவில்லை என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி கிடந்தாலும் அதையே இன்னொரு தப்புக்குச் சாட்சியாக மாற்றிவிடுகிற சாமர்த்தியம் இருக்கிறதே! அன்றைக்கு அவர் முகத்தில் கதவைச் சாத்தாமல் விட்டோமே என்று இதை எழுதும்போதுகூடப் பல்லைக் கடிக்கிறேன்.

உக்காந்து படி

விஷயம் என் கணவர் காதுக்கு லிஃப்ட்டிலேயே போய்விட்டது. செகரட்டரி அவ்வளவு சுறுசுறுப்பு. தண்ணீர் லாரிக்கு ஃபோன் பண்ணச் சொன்னால் மட்டும் அவருக்கு சிக்னல் கிடைக்காது. அதைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன்.

என் கணவர் சரவணனுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஐ.டி. வேலை. சென்னைக்கு வந்து எத்தனையோ வருஷமாகி, பேச்செல்லாம் நன்றாகவே மாறிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

"என்ன நடக்கு இந்த வீட்டுல?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார். நித்யா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கழுத்தில் இயர்போன் தொங்கியது.

"யாரு அந்தப் பாபு?"

அவள் முகம் சிவந்துபோனது. "யாரும் இல்லப்பா."

"யாரும் இல்லாதவனுக்குப் பேரு எதுக்கு?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் ஃப்ரிட்ஜ் மேலிருந்த ஃபோனை எடுத்துக் குடைந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. "எல்லாத்தையும் டெலிட் பண்ணியிருக்கா," என்றார். சோஃபாவில் உட்கார்ந்து, யோசித்து, முடிவு சொன்னார். திருமழிசை தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளை ஹாஸ்டலில் தங்கவைத்துப் பரீட்சை வரைக்கும் படிக்கவைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஆபீஸ் நண்பரின் மகன் அங்கேதான் இருக்கிறான். நித்யாவை அங்கே சேர்த்துவிட வேண்டியது.

"அங்க ஃபோனும் கிடையாது, பாபுவும் கிடையாது. ஒழுங்கா உக்காந்து படிப்பா."

இந்த 'உக்காந்து' என்ற சொல்லைப் பற்றி நான் இங்கே கொஞ்சம் கத்தியாக வேண்டும்.

நம் வீடுகளில் யாராவது பிள்ளையைப் பார்த்து வெறுமனே 'படி' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'உக்காந்து படி'தான். 'ஒரு இடத்துல உக்காந்து படி.' 'ஒரு மணி நேரமாவது உக்காந்தியா?' படிப்பு மண்டையில் ஏறுகிறதா என்று எவனுக்கும் கவலை இல்லை. உட்கார்ந்தாளா, எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள், அதுதான் கணக்கு.

அட்மிஷன் கவுன்டரில் வருஷா வருஷம் பார்க்கிறேன். அப்பாக்கள் வந்து, "ராத்திரி பகலா உக்காந்து படிச்சான் மேடம், என்னன்னே தெரியல, மார்க்கு வரல," என்பார்கள். பையன் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். "உனக்கு எந்தப் பாடம்பா பிடிக்கும்?" என்று அவனைக் கேட்டால் அதற்கும் அப்பாதான் பதில் சொல்வார்.

பிள்ளை ப்ளஸ் டூ வந்துவிட்டால் வீட்டில் கேபிளைக் கட் பண்ணுகிறோம். சொந்தக்காரர்களை வராதே என்கிறோம். அம்மா மிக்ஸி போட்டால் அப்பா முறைக்கிறார். நடுவில் பிள்ளையை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே புத்தகத்தைத் திறந்து வைத்து, கதவைச் சாத்திவிடுகிறோம். உள்ளே அது அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கண்ணால் மேய்ந்துகொண்டிருக்கிறது. கேட்டால் 'படிச்சிட்டேன்' என்கிறது. அது பொய்யும் இல்லை. படித்துத்தான் இருக்கிறது. பேப்பர் படிக்கிற மாதிரி.

எங்கள் காலத்தில் இம்போசிஷன் என்று ஒன்று கொடுப்பார்கள். தப்பாக எழுதின விடையை நூறு தடவை எழுதி வா. நானும் என் தம்பி ஏழுமலையும் அதில் பெரிய கில்லாடிகள். முதல் வார்த்தையை மட்டும் மேலிருந்து கீழே வரிசையாக எழுதிவிடுவோம். பிறகு இரண்டாவது வார்த்தை, மேலிருந்து கீழே. அப்படியே மூன்றாவது. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற வேலை மாதிரி, கை பாட்டுக்குப் போகும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். முடித்துவிட்டுப் பார்த்தால் அந்த வாக்கியம் என்னவென்றே எங்களுக்குத் தெரியாது. டீச்சர் பார்த்துச் சிவப்பு மையில் டிக் போடுவார். நூறு தடவை எழுதியாயிற்றே, அவருக்கு வேறென்ன வேண்டும்?

இதைப் படிக்கிற எத்தனை பேர் இப்போது சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரித்துவிட்டு, உங்கள் பிள்ளையிடம் போய் 'உக்காந்து படி' என்பீர்கள். அதுவும் தெரியும்.

மாடியில் நடக்கிற மீட்டிங்குகள்

எங்கள் அப்பார்ட்மென்ட் பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் நடுவில் இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் ஐ.டி.காரர்கள். மதுரை, சேலம், நாகர்கோவில் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து வீடு வாங்கியவர்கள். நான் மட்டும்தான் இந்த மண்ணில் பிறந்தவள். என் அப்பா வீடு திருமழிசையில்.

சாயங்காலமானால் எங்கள் மொட்டை மாடியைப் பார்க்க வேண்டும். ஆளாளுக்குக் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, ஒரு கையை ஆட்டிக்கொண்டு, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடப்பார்கள். யாரையோ திட்டுவார்கள். யாருக்கோ விளக்குவார்கள். ஒருத்தர் துணி காயும் கொடிக்குள் புகுந்து புகுந்து வருவார். அடுத்த வீட்டுப் போர்வை அவர் தலையில் மாட்டியிருப்பதுகூட அவருக்குத் தெரியாது. என் கணவர் வீட்டுக்குள்ளேயே சமையலறைக்கும் பால்கனிக்கும் நடப்பார். நடக்காமல் அவருக்கு ஒரு ஃபோன் கால் பேச வராது. ஒருநாள் தரை துடைத்திருக்கிறேன், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுங்கள் என்றதற்கு, "உக்காந்தா மண்டை ஓடாது," என்றார்.

இவர்களையெல்லாம் யாரும் எதுவும் சொல்வதில்லை. அதற்குப் பெயர் மீட்டிங். அதே மாடியில், அதே மாதிரி நடந்து, அதே மாதிரி கையை ஆட்டி ஒரு பெண் பிள்ளை பேசினால் அதற்குப் பெயர் வேறு. வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் போடாமல் ஒரு மெசேஜ் வருகிறது: 'வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் கண்காணிக்கவும்.' அதற்கு வரிசையாகக் கும்பிடு போடுகிற படங்கள். அந்தக் கைகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்து முறுக்கலாமா என்று இருந்தது எனக்கு.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

மறுநாள் சரவணன் ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறாராம். நானும் கூடப் போனேன். அவரைத் தனியாக அனுப்ப எனக்குப் பயம்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் காரியம், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெற்ற மகளை ஒட்டுக்கேட்டது. தொட்டியடியில் பாசி வாடை. அவருக்கு முட்டி வலி. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

நித்யா வந்தாள். கெமிஸ்ட்ரிப் புத்தகத்தை மூடியபடியே கைப்பிடிச் சுவர் மேல் வைத்தாள். காதில் இயர்போனை மாட்டி, அதன் இன்னொரு முனையைச் சுடிதார் பாக்கெட்டுக்குள் போட்டாள். நடக்க ஆரம்பித்தாள்.

"இங்க பாரு பாபு. நீ பூந்தமல்லியிலேருந்து வேலப்பன்சாவடிக்குப் போகணும். ஊருக்குள்ள பூந்து போனா பஸ் ஸ்டாண்டு, சிக்னல், கூட்டம். பைபாஸ்ல வா, சீக்கிரம் வந்துடலாம். கேட்டலிஸ்ட் அதைத்தான் பண்ணுது. புதுசா ஒரு சுலபமான ரோடு போட்டுக் கொடுக்குது. அதனால ரியாக்‌ஷன் வேகமா நடக்குது. புரிஞ்சுதா மண்டு?"

சரவணன் என் கையைப் பிடித்தார். நித்யா சட்டென்று திரும்பி நின்று, குரலைக் கட்டையாக மாற்றிக்கொண்டாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். வேலப்பன்சாவடியிலேருந்து பூந்தமல்லிக்கு வர்றவனும் அதே பைபாஸ்லதானே வருவான்?"

மறுபடி அவள் குரல். "ஆமாடா. அவனும் அதுலதான் வருவான்..." நின்றுவிட்டாள். விரலைக் கடித்தாள். "அவனுக்கும் சீக்கிரம். அப்ப போறதும் வேகம், வர்றதும் வேகம். ரெண்டுமே ஒரே மாதிரி கூடினா, கடைசில எந்தப் பக்கம் எவ்வளவு இருக்கும்கிறது மாறாது! ஐயோ, இதுதான் அந்த ஒன் மார்க்கா!"

ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறந்தாள். தேடினாள். நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். கேட்டலிஸ்ட் போட்டால் ஈக்விலிப்ரியம், அதாவது சமநிலை, மாறுமா என்று அரையாண்டில் கேட்டிருக்கிறார்கள். இவள் மாறும் என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். அதற்கு முன்தினம் அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தாளோ, அவளுக்கே தெரியாது.

எனக்குக் கெமிஸ்ட்ரி சுத்தம். ஆனால் அந்த பைபாஸில்தான் நான் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அவள் சொன்னது எனக்கே புரிந்தது. எஞ்சினியரிங் படித்தவர் என் கணவர். "கரெக்டாத்தான் சொல்லுதா," என்று முணுமுணுத்தார். முணுமுணுத்த மனுஷன் அதோடு கீழே இறங்கியிருக்கலாம். எழுந்து நேரே அவள் எதிரில் போய் நின்றார்.

நித்யா அலறிவிட்டாள். பிறகு அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்: "புக்கைத் திறந்து வெச்சுப் படிச்சா எல்லாமே தெரிஞ்ச மாதிரிதாம்ப்பா இருக்கு. எக்ஸாம் ஹால்ல போய் உக்காந்தா ஒண்ணும் வரல. எதிர்ல ஒரு மக்கு நின்னு ஏன், ஏன்னு கேட்டாதான் எனக்கு எது தெரியலன்னு தெரியுது. தெரியலன்னா ஓடிப்போய் அதை மட்டும் பார்த்துட்டு வந்து மறுபடி சொல்றேன். கேக்க யாரும் இல்ல, அதான் நானே ஒருத்தனை வெச்சுக்கிட்டேன்."

"இயர்போன் எதுக்கு?"

"சும்மா பேசினா கீழ் வீட்டுப் பசங்க லூசுன்னு கத்துறாங்க. இதை மாட்டினா ஃபோன் பேசுறேன்னு நெனச்சுப்பாங்க."

நெனச்சுத்தான் தொலைத்தார்கள்.

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். சரவணன் நகரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி!

"அதெல்லாம் சரி. அதுக்கு எதுக்குப் பையன்? பொம்பளப்பிள்ளை பேரு ஒண்ணுகூடவா கிடைக்கல? ஒரு லதா, ஒரு கீதா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நித்யா அந்தக் கேள்வியை உண்மையாகவே யோசித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"கிளாஸ்ல பசங்கதாம்ப்பா சந்தேகம் கேப்பாங்க. பொண்ணுங்க எழுந்தா சார் 'புக்குலயே இருக்கு, உக்காரு'ன்னுடுவாரு. அதனால சந்தேகம்னாலே எனக்குப் பையன் குரல்லதான் வருது."

சத்தமில்லாத ஹால்

இதற்குப் பிறகாவது ஹாஸ்டல் பேச்சு நின்றிருக்க வேண்டாமா? நிற்கவில்லை. பாபு என்று ஒருவன் இல்லை என்பதை அவர் ஒருவழியாக ஒப்புக்கொண்டார். "ஆனா ஊரு வாயை மூட முடியுமா? பரீட்சையும் உக்காந்துதான எழுதணும்? அங்க போனா அந்தப் பழக்கமாச்சும் வரும்," என்றார். அசோசியேஷனும் தன் பங்குக்கு மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டது. மீட்டிங்காரர்களுக்கு மட்டும் சாவி உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தைப் பார்க்கப் போனோம். நித்யா கார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அங்கே இன்சார்ஜ் ஒருவர் படிக்கிற ஹாலைக் காட்டினார். தகரக் கூரை. வரிசை வரிசையாக பெஞ்சு. பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எல்லாத் தலையும் குனிந்திருந்தது. வியர்வையும் ஃபினாயிலும் கலந்த வாடை. "ஒரு சத்தம் கேக்குதா பாருங்க சார்," என்றார் பெருமையாக. கடைசி பெஞ்சில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு, எதையோ மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் லேசாக அசைந்தது. இன்சார்ஜ் நடந்து போய் அவள் பெஞ்சில் ஸ்கேலால் ஒரு தட்டுத் தட்டினார். உதடு நின்றுவிட்டது. அவள் கண்ணைத் திறந்து மறுபடி புத்தகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நித்யா என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் பிடிப்பாளே, அந்த மாதிரி.

"கிளம்பலாம்," என்றேன்.

"ஃபார்ம் ஃபில் பண்ண வேண்டாமா?" என்றார் சரவணன்.

"அந்தப் பொண்ணு படிச்சுக்கிட்டிருந்தா. அந்த ஆளு போய் நிறுத்திட்டு வந்து நிக்கிறான். இதுக்கு என் பொண்ணை நான் விடமாட்டேன். மீறி விடணும்னா என்னையும் சேர்த்து இங்கயே விட்டுட்டுப் போங்க." ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். குனிந்த தலைகளெல்லாம் நிமிர்ந்தன. இன்சார்ஜுக்கு முகம் கறுத்துவிட்டது. எனக்கு அவ்வளவு நிம்மதி.

திரும்பும் வழியில் திருமழிசையில் என் தம்பி வீட்டில் காரை நிறுத்தச் சொன்னேன். ஏழுமலை அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அப்பா விட்டுப்போன துண்டு நிலத்தில் கீரையும் போடுகிறான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான் பாருங்கள், டீ டம்ளர் கையில் ஆடியது.

"இன்னா மாமா நீ! கொயந்த தானா பேசிகினு படிக்குது. அதுக்குப் போயி ஆஸ்டல்ன்றியே. நீ ஃபோன்ல பேசிகினே ஊட்ட சுத்தி சுத்தி வரியே, உன்ன இன்னா பண்றது? எந்த ஆஸ்டல்ல போட்றது?"

"அது வேலை," என்றார் சரவணன்.

"இதுவும் வேலதான் மாமா. அதுக்குக் கீற வேல அதான்."

மச்சினன் சொன்னால் உறைக்கும் போலிருக்கிறது. நான் சொன்னபோது உறைக்கவில்லை. காரில் ஏறினதும் அவர் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார். அடுத்த ரிவிஷன் டெஸ்ட் வரைக்கும் நித்யா வீட்டிலேயே இருக்கலாம். அதில் கெமிஸ்ட்ரி மார்க் ஏறவில்லை என்றால் ஹாஸ்டல்தான், அப்புறம் நான் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டுக்குள் பேசிப் படிக்கலாம், ஆனால் படித்ததைத் தினமும் உட்கார்ந்து பார்க்காமல் எழுத வேண்டும். அது வரைக்கும் நியாயந்தான். நித்யாவே அதைத் தலையாட்டி ஏற்றுக்கொண்டாள். கடைசியில் இன்னொன்றையும் சேர்த்தார்.

"பேரை மாத்திரு. பாபு வேண்டாம்."

லதா வந்தாள்

லதா வந்தாள். எங்கள் படுக்கையறைதான் அவளுக்குக் கிளாஸ். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நாலடி இடம். நித்யா அதில் திரும்பித் திரும்பி நடப்பாள். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன்.

சில நாளிலேயே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. நித்யா பேசுகிறாள், பேசுகிறாள், பேசிக்கொண்டே போகிறாள். நடுவில் அந்தக் கட்டைக் குரலும் இல்லை, வேறு எந்தக் குரலும் இல்லை. 'ஐயோ' என்று புத்தகத்துக்கு ஓடுகிற சத்தமும் இல்லை. எழுதிப் பார்க்கிறபோது பாதியில் பேனா நின்றுவிடுகிறது. டெஸ்ட்டுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

ஒரு சாயங்காலம் அவள் வந்து சமையல் மேடைப் பக்கம் தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, இது வேலைக்காகலம்மா. லதா எதையும் கேக்க மாட்டேங்கிறா. நான் என்ன சொன்னாலும் தலையைத் தலையை ஆட்டுறா. 'புரிஞ்சுதா'ன்னா 'புரிஞ்சுது அக்கா'ங்கிறா."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு யார் மேல் கோபம் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. செகரட்டரி, அவர் பெண்டாட்டி, கெமிஸ்ட்ரி சார், பெயரை மாற்றச் சொன்ன என் வீட்டுக்காரர், எல்லார் மேலும்தான். ஒரு கற்பனைப் பெண்ணைக்கூட வாயைத் திறக்க விடாமல் பழக்கி வைத்திருக்கிறார்களே, பாவிகள்! என் மகள் தன் தலைக்குள் தானே உண்டாக்கின பெண். அங்கேயும் அவள் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"பாபுவையே கூப்பிட்டுக்கோ. அப்பாவை நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "வேணாம்மா," என்று எழுந்து உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் அறைக்குள்ளிருந்து ஒரு கத்தல் கேட்டது. சரவணன் ஹாலில் நடந்தபடி ஏதோ ஃபோன் காலில் இருந்தார். அவரே அப்படியே நின்றுவிட்டார்.

"கேளுடி! எதுக்குடி சும்மா சும்மா தலையை ஆட்டுற? புரியலன்னா எழுந்து நின்னு கேளு! உனக்கு வாய் இல்ல?"

பிறகு மெல்லிசாக, தயங்கித் தயங்கி, பெண் குரலில் ஒரு கேள்வி வந்தது. "அக்கா... அப்ப ஏன் எல்லா ரியாக்‌ஷனுக்கும் கேட்டலிஸ்ட் போடறதில்ல?"

"அப்படிக் கேளு!" என்றாள் நித்யா. புத்தகம் புரளுகிற சத்தம் கேட்டது. சரவணன் ஹெட்செட்டில் யாரிடமோ, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சோஃபாவில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பாபு, லதா என்று அவர் பெயர்ப் பேச்சையே எடுக்கவில்லை.

ஹாஸ்டலுக்கு அவள் போகவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் எழுதிக் கேட்பீர்கள். ரிவிஷன் டெஸ்ட்டில் கெமிஸ்ட்ரி ஏறியது. பிரமாதமாக இல்லை, ஏறியது. அவள் அப்பா ஊருக்கு ஃபோன் போட்டு, "உக்காந்து படிச்சா வராமப் போயிருமா?" என்று சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே பெருமையடித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ரசத்துக்குப் பூண்டு நசுக்கினேன்.

எனக்கு முக்கியம் அந்த மார்க் இல்லை. அந்த டெஸ்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் நடந்த ஒன்று.

நித்யா ஸ்கூலிலிருந்து வந்தாள். பையைக் கழற்றாமல், ஷூவைக் கழற்றாமல் நேரே என்னிடம் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"அம்மா, இன்னிக்குக் கெமிஸ்ட்ரி கிளாஸ்ல எழுந்து கேட்டேன்."

"சார் என்ன சொன்னாரு?"

"புக்குலயே இருக்கு, உக்காருன்னாரு."

"நீ?"

"உக்காரல. புக்கைப் பார்த்துட்டேன் சார், இது அதுல இல்லன்னேன். பசங்க சிரிச்சாங்க. சார் மறுபடியும் உக்காருன்னாரு. புரிஞ்சதும் உக்காருறேன் சார்னு சொல்லிட்டு அப்படியே நின்னேன்."

"அப்புறம்?"

"போர்டுல எழுதிச் சொல்லிக் கொடுத்தாரு. நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தாரு." அவள் கண் கலங்கியது. அது அழுகை இல்லை. என் மகளின் கோபத்தை எனக்குத் தெரியும். "எல்லாம் முடிச்சிட்டு, 'உன் பேரு என்னம்மா'ன்னு கேட்டாரு. ரெண்டு வருஷமா அவர் கிளாஸ்லதாம்மா உக்காந்திருக்கேன்."